விளக்குக்கு முன்னால் வைக்க வேண்டிய பாவை

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். விடிய விடியக் கூத்துப் பார்த்துப் பழகிய வன்னி மக்களுக்குத் தோற்பாவைக்கூத்தை அறிமுகப்படுத்த நீண்ட முன்னுரை வேண்டியதில்லை. அதில் ஆட்டக்காரர் அவையின் முன் தோன்றுவதில்லை. வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கை ஏற்றி, தோலில் வெட்டிய உருவங்களைத் திரையோடு சேர்த்துப் பிடித்து அசைத்து, அவற்றுக்குரிய பாட்டையும் பேச்சையும் தாமே வழங்கி, இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் அவர் நடத்திச் செல்கிறார்.

தென்னிந்தியாவில் இக்கலை பல வடிவங்களில் வாழ்கிறது. கேரளத்துப் பத்திரகாளி கோயில்களில் இதற்கென்றே கூத்துமாடம் கட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 42 அடி நீளமான திரைக்குப் பின்னால் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, கம்பராமாயணப் பாடல்களைத் தமிழிலேயே பாடி, மலையாளத்தில் அவற்றுக்கு விளக்கம் சொல்கிறார்கள். மலையாளம் பேசும் ஊர்களில் கம்பனின் கவி இரவிரவாக ஒலிப்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அந்தக் கலையைக் காத்துவரும் இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கேரளத்துப் பாவைகள் பெரும்பாலும் மான்தோலில் ஆனவை. ஒளி அவற்றை ஊடுருவாது. நாம் காண்பது கரிய நிழலும், துளைகளில் கசியும் வெளிச்சமும்தான். ஆந்திரப் பாவைகளோ பதப்படுத்திய ஆட்டுத்தோலில் ஆனவை. ஒளி அந்தத் தோலை ஊடுருவி வருவதால், பூசிய சிவப்பும் பச்சையும் திரையில் நிறமாகவே விழுகின்றன. வீட்டு அலங்காரத்துக்கு ஆந்திரப் பாவை இவ்வளவு பொருந்தி வந்ததற்கு இதுவே காரணம்.

ஆந்திராவில் தர்மாவரத்துக்கு அருகிலுள்ள நிம்மலகுண்டா என்னும் கிராமத்தில் பல குடும்பங்கள் இத்தொழிலைச் செய்கின்றன. அவ்வூர்க் கலைஞர் தளவாய் சலபதிராவ் 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். தோலை ஊறவைத்து, மயிரும் கொழுப்பும் நீங்கச் சுரண்டி, இழுத்துக் கட்டிக் காயவிட்ட பின், அதில் உருவத்தைக் கீறி, சிற்றுளிகளால் துளையிட்டு ஆபரணங்களையும் ஆடையின் கரையையும் எழுப்புகிறார்கள். பின்பு இரு பக்கமும் நிறந்தீட்டுகிறார்கள். கூத்துக்கு அழைப்பவர்கள் அருகிவிட்ட காலத்தில், அதே கைகள் விளக்குக்கூடு செய்யத் தொடங்கின. ஈரத்தோலைக் கம்பிச் சட்டத்தின் மேல் இழுத்துத் தைத்தால், காயும்போது அது உடுக்கின் தோல்போல இறுகிக்கொள்ளும். இது கலையின் வீழ்ச்சி என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அக்கருத்து உடன்பாடன்று. பாட்டும் கதையும் விளக்குக்கூட்டில் இல்லை என்பது உண்மைதான். ஆயினும் துளையிடும் கை ஓய்ந்துவிட்டால், நாளை கூத்து ஆட விரும்புபவருக்குப் பாவை செய்து கொடுக்க ஆளிருக்காது.

ஆகவே, பாவையை வாங்குபவர்கள் அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்துச் சுவரில் மாட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பின்னால் ஒளியில்லாத பாவையில் தோலின் மென்மையும் தெரியாது, துளைவேலையின் நுட்பமும் தெரியாது. யன்னலோரத்திலோ மின்விளக்கின் முன்னோ அதைத் தொங்கவிடலாம். ஆனால் நேர்வெயில் நிறத்தை மங்கச் செய்யும். விளக்குக்கூடாயின் சூடு குறைந்த எல்இடி குமிழைப் பொருத்த வேண்டும், ஏனெனில் பழைய குமிழின் வெப்பத்தில் தோல் உலர்ந்து சுருங்கும். நமது மாரிகாலத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும் ஆதலால், காற்றோட்டமான இடத்தில் வைத்து, உலர்ந்த மெல்லிய துணியால் மட்டும் துடைக்க வேண்டும். வாங்கும்போது ஒளிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: உண்மையான தோல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் தெரியும்.

நமது வன்னியிலும் ஆட்டுத்தோலுக்குக் குறைவில்லை. முள்ளியவளையின் கோவலன் கூத்தும் ஊரூராக ஆடப்படும் காத்தவராயன் கூத்தும் நம்மிடம் இருக்கின்றன. கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரிடம் கேட்டு அந்தக் கூத்துகளின் உடையையும் முடியையும் வரைந்து, ஆர்வமுள்ள இளைஞர்கள் தோலில் வெட்டிப் பழகினால், சிலம்பேந்திய கண்ணகியின் உருவத்தில் முதலாவது விளக்குக்கூட்டைச் செய்து பார்க்கலாம்.