பழைய கார் செட்ல எம்பி3 சிடி ஓடலையா? இதைப் பாருங்க

[காட்சி: டாஷ்போர்டு. சிடி உள்ளே போகிறது. டிஸ்பிளேவில் 'எர்ரர்'.]

வணக்கம். வேலூர்ல செகண்ட் ஹேண்ட் கார் எடுத்தவங்க பல பேருக்கு இந்தச் சந்தேகம் இருக்கும். வீட்டு கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுற சிடி, கார்ல போட்டா வெளிய வந்துடுது. உடனே செட்டையே மாத்திடாதீங்க. பெரும்பாலும் கோளாறு சிடியை ரைட் பண்ணின விதத்துலதான் இருக்கும்.

முதல்ல செட்டோட முகப்பைப் பாருங்க. எம்பி3ன்னு போட்டிருக்கணும். போடாத பழைய செட் பெரும்பாலும் ஆடியோ சிடி, அதாவது கடையில விக்கிற பாட்டு சிடி மாதிரி எழுதினதை மட்டும்தான் படிக்கும். அதுல அடங்குறது 80 நிமிஷம். கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர் தாண்டி திருவண்ணாமலை போய்ச் சேர்றதுக்குள்ள பாட்டு தீர்ந்துடும். அதே 700 எம்பி சிடியில 128 கேபிபிஎஸ் (ஒலித் தரத்தோட அளவு) எம்பி3 போட்டா நிமிஷத்துக்கு 1 எம்பிக்கும் கொஞ்சம் கம்மியாத்தான் பிடிக்கும். 12 மணி நேரத்துக்குக் குறையாம பாட்டு வரும்.

[காட்சி: கம்ப்யூட்டர் திரை]

இங்கதான் நிறைய பேரு தடுக்கி விழுறாங்க. விண்டோஸ்ல காலி சிடியைப் போட்டதும் ரெண்டு வழி கேக்கும். ஒண்ணு, பென் டிரைவ் மாதிரி பயன்படுத்த. இன்னொண்ணு, சிடி, டிவிடி பிளேயர்ல போட. முதல் வழி வசதியாத் தெரியும், ஆனா அது யூடிஎஃப்னு, ஃபைல்களை அடுக்கி வைக்கிற வேற ஒரு முறையில எழுதும். பழைய கார் செட்டுக்கு அது புரியாது. ரெண்டாவதைத் தேர்ந்தெடுங்க. அடுத்து ஆடியோ சிடியா, டேட்டா சிடியான்னு கேட்டா டேட்டா சிடி, அதுலதான் எம்பி3 ஃபைல் அப்படியே போகும். வேற சாஃப்ட்வேர்னா, எழுதி முடிச்சதும் டிஸ்கை 'க்ளோஸ்' பண்ணச் சொல்லுங்க, அதாவது இனிமே எதுவும் சேர்க்க முடியாதபடி மூடணும். திறந்தே விட்ட டிஸ்கைப் பல செட்டுகள் படிக்காது.

ஒரு தடவை மட்டும் எழுதுற சிடி-ஆர் வாங்குங்க. திரும்பத் திரும்ப எழுதுற சிடி-ஆர்டபிள்யூ ஒளியைக் கம்மியாத்தான் திருப்பி அனுப்பும், பழைய லென்ஸ் திணறும். எம்4ஏங்கிற வேற வகை பாட்டு ஃபைலுக்குப் பேரை மட்டும் எம்பி3ன்னு மாத்துறதும் வேலைக்கு ஆகாது. முறையா கன்வெர்ட் பண்ணணும்.

ஃபைல் பேரைத் தமிழ்ல வெச்சா பல செட்ல கட்டம் கட்டமாத் தெரியும். நம்ம எழுத்து வராதது எனக்கு வருத்தம்தான், ஆனாலும் இங்கிலீஷ் எழுத்துல வெச்சு, முன்னாடி 01, 02ன்னு நம்பர் போட்டுடுங்க.

[காட்சி: சிடியின் அடிப்பக்கம், வெளிச்சத்தில் சாய்த்து]

இப்படிச் சாய்ச்சுப் பாருங்க. நடுவுலேர்ந்து ஒரு வளையம் வரைக்கும் நிறம் லேசா மாறியிருக்கு பாருங்க, அதுவரைக்கும்தான் பாட்டு எழுதியிருக்கு. அதுக்கு வெளிய காலி.

வெயில் விஷயத்துல கண்டிப்பா இருங்க. அக்னி நட்சத்திரத்துல கோட்டை பக்கம் காரை நிறுத்திட்டுப் போறப்ப டாஷ்போர்டு மேல சிடியை விட்டா, எழுதின சாயம் வெளுக்கும், டிஸ்க் வளையும். பேப்பர் ஸ்டிக்கரும் ஒட்டாதீங்க. சூட்டுல உரிஞ்சு செட்டுக்குள்ள மாட்டிக்கும். பேரு எழுத மார்க்கர் பேனா போதும்.

ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, கடைசி ஃபோல்டர்ல கடைசிப் பாட்டைப் போட்டுக் கேளுங்க. சிடி உள்ளேயிருந்து வெளியே எழுதப்படுறதால, கைரேகையும் கீறலும் முதல்ல கெடுக்குறது அந்த ஓரத்தைத்தான்.