ஒரே குதிரை, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒரு புதிய வைரஸ்

[காட்சி: குதிரையின் நாக்கின் அடிப்பக்கம், மிக அருகில்]

ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றன, பாருங்கள். உள்ளே கசிந்த இரத்தம் அது. தட்டணுக்கள் குறைந்துவிட்டதால் இரத்தம் சரியாக உறைவதில்லை. உடம்பு அனலாகக் கொதிக்கிறது. சில நாட்களில் காய்ச்சல் இறங்கும். குதிரை பழையபடி தீவனம் எடுக்கும். சில வாரங்கள் கழித்து மறுபடியும் கொதிக்கும்.

இதுதான் குதிரைத் தொற்று இரத்தசோகை. 1843-இலேயே பிரான்சில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். காரணமான வைரஸ், எச்.ஐ.வி.க்கு நெருங்கிய உறவு.

விட்டுவிட்டுக் காய்ச்சல் வருவது ஏன்? இந்த வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும்போது பிழைகள் விழுகின்றன, திருத்த ஆளில்லை. பெரும்பாலான பிழைகள் வைரஸுக்கே கேடு. ஆனால் ஜிபி90 என்ற வெளிப்புரதத்தில் விழும் சில பிழைகள் அதன் முகத்தையே மாற்றிவிடுகின்றன. குதிரை அரும்பாடுபட்டு உருவாக்கிய எதிர்ப்பொருள்கள் பழைய முகத்தைத் தேடிக்கொண்டிருக்க, புதிய முகம் பெருகுகிறது. அடுத்த காய்ச்சல் அதுதான்.

[காட்சி: உயர்ந்து தாழும் காய்ச்சல் வரைபடம், மெல்ல அடங்குகிறது]

பெரும்பாலும் ஓராண்டுக்குள் காய்ச்சல் நின்றுவிடுகிறது. வைரஸ் மாறுவதை நிறுத்திவிட்டது என்று நினைக்காதீர்கள். அது மாறிக்கொண்டேதான் இருக்கிறது. குதிரையின் எதிர்ப்பு சக்தி பல முகங்களையும் அடையாளம் காணப் பழகிவிட்டது, அவ்வளவுதான். ஸ்டீராய்டு மருந்து கொடுத்து அந்த எதிர்ப்பைத் தளர்த்தினால் நோய் திரும்பவும் தலைதூக்கும்.

வீரியத்துக்கு வெளிப்புரதம் மட்டும் காரணமில்லை. வைரஸின் எஸ்2 என்ற சின்னஞ்சிறு மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். குதிரையில் வைரஸின் பெருக்கமும் குறைந்தது, நோயும் தணிந்தது. சீனாவிலோ கழுதையின் வெள்ளணுக்களில் திரும்பத் திரும்ப வளர்த்தே வைரஸின் வீரியத்தைக் குறைத்து, 1970-களில் தடுப்பூசியாக்கினார்கள். எனக்கு இன்றும் வியப்பளிக்கும் வேலை அது.

ஆரோக்கியமாகத் தெரியும் குதிரையும் வாழ்நாள் முழுவதும் வைரஸைச் சுமக்கிறது. பாதிக் கடியிலேயே குதிரை ஈயை வால் விரட்ட, அது வாயில் ஒட்டிய இரத்தத்தோடு பக்கத்துக் குதிரைக்குத் தாவுகிறது. ஒரே ஊசியைப் பல குதிரைகளுக்குப் போட்டாலும் இதே கதைதான்.

பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இரத்தப் பரிசோதனைதான் வழி. 1970-இல் வந்த காகின்ஸ் பரிசோதனை, மாறும் வெளிமுகத்தை விட்டுவிட்டு, அவ்வளவாக மாறாத பி26 என்ற உட்புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடுகிறது.

[காட்சி: அகார் தட்டு. இரண்டு குழிகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு]

எதிர்ப்பொருளும் பி26-உம் சந்திக்கும் இடத்தில்தான் இந்தக் கோடு விழும். விழுந்தால், வைரஸ் உள்ளே இருக்கிறது.