ஸ்டாம்ப் மை காயவே இல்லை, என்ன மை வாங்கலாம்? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்ததுல ஒரு கேள்வி ரொம்பப் பிடிச்சிருந்தது. ஒரு நேயர் பொங்கல் பானை, ரெண்டு பக்கம் கரும்பு, மேல சூரியன்னு அழகா வரைஞ்சு, சீல் செய்யற கடையில கொடுத்து ரப்பர் ஸ்டாம்ப்பா வாங்கியிருக்காங்க. வாழ்த்து அட்டை செய்ய, பளபளன்னு இருக்கிற அட்டையில, ஆபீஸ்ல வைக்கிற ஊதா ஸ்டாம்ப் பேடால அடிச்சாங்களாம். மறுநாள் தொட்டா கையெல்லாம் ஊதா. போதாததுக்குப் படத்தைச் சுத்தி ரப்பரோட ஓரமும் கோடு கோடா விழுந்திருக்கு. "எந்த மை வாங்கணும், மீதி அட்டையை என்ன பண்றது, சொல்லுங்க"ன்னு கேட்டிருக்காங்க.

மையைக் கேட்டிருக்காங்க. எந்தத் தாள்னு கேட்டிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். நம்ம வழக்கமான நேயர்களுக்குத் தெரியும், நான் எங்க சுத்தினாலும் அங்கதான் வந்து நிப்பேன்: மையைக் குடிக்கிற தாள், குடிக்காத தாள். அது தெரியாம மை வாங்கினா காசுதான் வீண்.

அந்த ஊதா மை ஏன் காயலை? ஆபீஸ் பேட் மாசக்கணக்கா திறந்து திறந்து மூடினாலும் வறண்டுடக் கூடாது. அதுக்காக அந்த மையில கிளிசரின் மாதிரி சீக்கிரம் ஆவியாகாத பொருளைச் சேர்ப்பாங்க. அதனால அது காத்துல காயற மை இல்லை. தாள் உள்ள இழுத்துக்கிட்டாதான் காயும். சாதாரண வெள்ளைத் தாள்ல அடிங்க, உடனே பிடிச்சுக்கும். நீங்க எடுத்தது ஆர்ட் போர்டு. அச்சகத்துல விசிட்டிங் கார்டு அடிக்கிறாங்களே, அந்த வகை. மேல ஒரு பூச்சு இருக்கும், மையைக் குடிக்காது.

கடையிலயே சோதிச்சுப் பாக்கலாம். துண்டுத் தாள் ஒண்ணு கேட்டு வாங்கி, விரலைத் தண்ணியில தொட்டு ஒரு சொட்டு வைங்க. கொஞ்ச நேரத்துல உள்ள இறங்கிக் கறுத்துப்போனா குடிக்கிற தாள். தாமரை இலைத் தண்ணி மாதிரி உருண்டு நின்னா குடிக்காத தாள். வாழ்த்து அட்டைக்கு பூச்சு இல்லாத தாளா, 250 முதல் 300 ஜிஎஸ்எம் (தாளோட கனத்தைச் சொல்ற அளவு) வரைக்கும் கேளுங்க. 200க்குக் கீழ போனா அட்டை நிக்காம தொங்கும். 300க்கு மேல போனா மடிக்கிற இடம் வெடிக்கும்.

மடிப்புன்னு வந்தாச்சு, அதையும் சொல்லிடறேன். தாளுக்கு நார் ஓடற திசை ஒண்ணு உண்டு. தாளை நீளவாக்குல ஒரு தடவை, அகலவாக்குல ஒரு தடவை லேசா வளைச்சுப் பாருங்க. எந்த வளைவு சுலபமா வருதோ, அதை அப்படியே மடிச்சா கோடு எந்தத் திசையில விழுமோ, அதுதான் நார் ஓடற திசை. மடிப்பு அதோட இணையா வரணும். ஏ4 தாள்ல பெரும்பாலும் நார் நீளவாக்குல இருக்கும். அதைக் குறுக்க ரெண்டா வெட்டினா 148க்கு 210 மில்லிமீட்டர். அந்த 210ஐப் பாதியா மடிச்சா 105க்கு 148ல புஸ்தகம் மாதிரி திறக்கிற அட்டை கிடைக்கும், மடிப்பும் நாரோட போகும். அதே துண்டை நீளவாக்குல மடிச்சு ஒல்லியா செஞ்சா மடிப்புல தாள் பிசிறும், அட்டை மேல குறை சொல்லுவோம். மடிக்கிறதுக்கு முன்னாடி ஸ்கேல் வச்சு, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால ஒரு கோடு அழுத்தி இழுங்க. கோட்டோட பள்ளம் அட்டைக்கு வெளிப்பக்கம், மேடு உள்பக்கம் வர மாதிரி மடிக்கணும். நிறையப் பேர் தலைகீழா மடிக்கிறாங்க.

சரி, மை. கைவினைக் கடையில மூணு விதமா கிடைக்கும். டை மை தாளுக்குள்ள இறங்கிச் சீக்கிரம் காயும். குடிக்கிற தாளுக்கு அது போதும். பிக்மென்ட் மை கெட்டியா மேலயே உக்காரும், நிறம் ஆழமா இருக்கும், ஆனா மெதுவாதான் காயும். பளபளப்பு அட்டையில அதுவும் உங்க ஊதா மை செஞ்ச வேலையத்தான் செய்யும். மூணாவது சால்வென்ட் மை. அதுதான் குடிக்காத தாள்லயும் பிளாஸ்டிக்லயும் காயும். ஜன்னலைத் திறந்து வச்சு அடிங்க, பேடை உடனே மூடுங்க, ஸ்டாம்ப்பை அதுக்குன்னு விக்கிற கிளீனரால துடைங்க. கண்ணாடி மாதிரி தெரியற பாலிமர் ஸ்டாம்ப்புக்கு அந்த மை, கிளீனர் ரெண்டுமே ஆகாது.

இன்னொண்ணு. பானைக்கு உள்ள வாட்டர் கலர் அடிக்கிற யோசனை இருந்தா, பேட் மேல 'வாட்டர்ப்ரூஃப்'னு போட்டிருக்கான்னு பாருங்க. ஊதா ஆபீஸ் மை மேல தூரிகை பட்டா கோடு கரைஞ்சு கரும்பு, சூரியன் எல்லாம் ஊதாக் குளத்துல. கோட்டை அச்சடிச்சுக் கையால வண்ணம் தீட்டறது பழைய முறைதான். 1843ல லண்டன்ல ஹென்றி கோல்ங்கறவர், ஜான் கால்காட் ஹார்ஸ்லிங்கற ஓவியரை வரையச் சொல்லி வெளியிட்டாரே கிறிஸ்துமஸ் அட்டை, அதுவே கல்லச்சுல கோடு அடிச்சு, ஒவ்வொண்ணுக்கும் கையால வண்ணம் போட்டதுதான்.

அடுத்தது, ஓரத்துல விழற கோடு. ஸ்டாம்ப்பைப் பேட்ல வச்சு அமுக்கினா பள்ளத்துலயும் ஓரத்துலயும் மை ஏறிடும். ஸ்டாம்ப்பை மல்லாத்திப் பிடிங்க, பேடை அது மேல லேசா தட்டித் தட்டி எடுங்க. தாள்ல வைக்கும்போது நேரா வச்சு, நேரா அழுத்தி, நேரா தூக்குங்க. ஆட்டக் கூடாது. ரப்பர் ஸ்டாம்ப்னா தாளுக்கு அடியில நாலு மடிப்பு நியூஸ்பேப்பர் போடுங்க, அழுத்தம் சமமா பரவும். அப்பவும் ஓரம் விழுந்தா படத்துக்கு வெளியில இருக்கிற உபரி ரப்பரை பிளேடால வெட்டிடுங்க. ஆனா நேர்குத்தா வெட்டாதீங்க. அடிப்பக்கம் அகலமா இருக்கிற மாதிரி சரிச்சு வெட்டணும். உள்பக்கம் குடைஞ்சு வெட்டினா கோட்டுக்குக் கீழ தாங்கல் போயிடும், அழுத்தும்போது வளையும்.

இனிமே ஸ்டாம்ப் செய்யக் கொடுக்கும்போது கறுப்பு வெள்ளையில மட்டும் வரைஞ்சு கொடுங்க, சாம்பல் நிழல் வேண்டாம். கோடு அரை மில்லிமீட்டருக்குக் குறையாம இருக்கட்டும். பானை முழுக்கக் கறுப்பா நிரப்பாதீங்க, பெரிய பரப்புல மை திட்டுத்திட்டாதான் விழும். எழுத்தைத் திருப்பி எழுத வேண்டாம், அது கடைக்காரங்க வேலை. அழிரப்பர்ல நீங்களே செதுக்கினாதான் திருப்பணும். அதுக்கும் பட்டர் பேப்பர்ல பென்சிலால எழுதி, அதை ரப்பர் மேல கவிழ்த்துத் தேய்ச்சா தானா திரும்பிடும்.

மீதி இருக்கிற பளபளப்பு அட்டைகளை என்ன பண்றதுன்னு கடைசியா கேட்டிருக்கீங்க. தூக்கிப் போட வேண்டாம். எம்பாஸிங் பவுடர்னு ஒரு தூள் இருக்கு, ஈர மையில ஒட்டிக்கிட்டு, சூடு பட்டா உருகி மேடா நிக்கும். காயாத மைதான் அதுக்கு வேணும். முதல்ல அட்டையை ஒரு துணியில கட்டின டால்கம் பவுடரால ஒத்துங்க, இல்லைன்னா எம்பாஸிங் தூள் கண்ட இடத்துலயும் ஒட்டும். அப்புறம் ஸ்டாம்ப் அடிச்ச கையோட நிறமில்லாத எம்பாஸிங் பவுடரை மேல கொட்டி, மிச்சத்தைத் தாள்ல தட்டித் திரும்ப டப்பாவுல போடுங்க. ஹீட் கன்னால (கடுஞ்சூடான காத்து விடற கருவி) சூடு காட்டினா தூள் உருகி, கோடு மேடா பளபளன்னு நிக்கும். முடி காய வைக்கிற டிரையர் உதவாது, சூடு பத்தாது, காத்துல தூளும் பறந்துடும். ஹீட் கன் இல்லைன்னா இஸ்திரிப் பெட்டியை மல்லாத்திப் பிடிச்சு, அட்டையோட பின்பக்கத்தை ஒட்டினாப்புல காட்டுங்க. பளபளப்பு வந்த உடனே எடுத்துடணும், அதிகம் காட்டினா மேடு அமுங்கி எண்ணெய்க் கறை மாதிரி ஆயிடும். முதல்ல ஒரு அட்டையில மட்டும் செஞ்சு பாருங்க.