விழப்போற பல்லுக்கு வைத்தியம் எதற்கு?

[காட்சி: கிளிநொச்சியில் ஒரு முன்பள்ளி]

"விழப்போற பல்தானே, விடுங்கோ." பிள்ளையின் சூத்தைப் பல்லைக் காட்டினால் வன்னியில் பல வீடுகளில் வருகிற பதில் இதுதான். விழும், சரி. ஆனால் பின்பக்கப் பாற்பல் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது. முந்திப் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துவிடும். பிறகு வருகிற பல் கோணலாகத்தான் வரும்.

[நெருக்கக் காட்சி: தாய் பிள்ளையின் மேலுதட்டைத் தூக்குகிறார்]

இப்படித் தூக்கிப் பாருங்கள். முரசோரமாகச் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைக் கோடு தெரிகிறதா? சூத்தை தொடங்கியிருக்கலாம். குழி விழ முன்னர், பல்லை உறுதியாக்கும் ஃபுளோரைட் பூச்சாலேயே நிறுத்தலாம். நிறை பார்க்கிற கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

காரணம் பெரும்பாலும் பால் போத்தலோடு தூங்குவதும், சீனித் தேத்தண்ணீரை நாள் முழுக்க மிடறு மிடறாகக் குடிப்பதும்தான். ஒவ்வொரு முறையும் கிருமிகள் சீனியை அமிலமாக்கும். அது அடங்க அரை மணிநேரமாவது பிடிக்கும்.

[காட்சி: கிணற்றடி]

"எங்கட கிணற்றுத் தண்ணியிலயே ஃபுளோரைட் கூடத்தானே, பேஸ்ட் வேற எதற்கு?" நியாயமான கேள்வி. வவுனியாப் பக்கம் சில கிணறுகளில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியிருக்கிறது. முளைக்க முன்னரே நிரந்தரப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் விழுவது அதனால்தான். அதற்காகப் பேஸ்டை நிறுத்த வேண்டாம். பேஸ்டிலுள்ள ஃபுளோரைட் பல்லில் பட்டால் காக்கும், விழுங்கினால்தான் சிக்கல். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, பிறகு ஒரு பட்டாணி அளவு போதும். தண்ணீரைச் சோதிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள்.

[காட்சி: முன்பள்ளிக் குழாயடி, வரிசையாகப் பிள்ளைகள்]

சாப்பாட்டுக்குப் பிறகு ஆசிரியை ஒவ்வொரு பிரஷ்ஷிலும் தானே பேஸ்ட் வைக்கிறார். பேர் எழுதிய பிரஷ்கள், ஒன்றோடொன்று முட்டாமல் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். துப்பச் சொல்கிறார், வாய் கொப்பளிக்க விடுவதில்லை. கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். வீட்டில் ஏழெட்டு வயது வரை பெரியவர்தான் தேய்த்துவிட வேண்டும், முக்கியமாக இரவில். அழுவார்கள், பரவாயில்லை.

மூன்று முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் எல்லாம் இலவசம். ஆறு வயதில் ஒரு தடவை கட்டாயம் போங்கள். எந்தப் பல்லும் விழாமலே கடைவாயில் புதுசாக ஒன்று முளைத்திருக்கும். பாற்பல் என்று நினைத்து விடுகிறார்கள்; அது சாகும்வரைக்குமான பல். அதன் பள்ளங்களை அடைத்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.