வயிற்றுப்போக்கு மாத்திரை கொடுப்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். மலம் அடக்க முடியாமல் கசிந்துவிடும் தொந்தரவைப் பற்றி இன்று பேசுகிறேன். முழங்கால் வலி என்று சொல்லிக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வராமல் இருந்துவிடும் பெரியவர்கள் சிலருக்கு, உண்மையில் இதுதான் காரணம்.

வீட்டில் பாட்டிக்கு நாலைந்து நாளாகச் சரியாகப் போகவில்லை. திடீரென்று உள்ளாடையில் தண்ணியாகக் கறை. ஒரே நாளில் பல தடவை. வயிற்றுப்போக்கு என்று நினைத்து, போக்கை நிறுத்தும் லோபராமைடு மாத்திரையைக் கொடுத்துவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. இறுகிய மலம் மலக்குடலை அடைத்துக்கொண்டிருக்கும். மேலிருந்து வரும் தண்ணிமலம் அதன் ஓரமாக வழியும். இது மலச்சிக்கல். அந்த மாத்திரை அடைப்பை இன்னும் இறுக்கும். படுக்கையில் இருப்பவர்கள், கோடீன் கலந்த வலி மாத்திரையோ இரும்புச்சத்து மாத்திரையோ சாப்பிடுபவர்கள் விஷயத்தில் இந்தச் சந்தேகம் முதலில் வரவேண்டும். மருத்துவர் கையுறை போட்டு விரலால் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். முதலில் அடைப்பை எடுக்க வேண்டும், நார்ச்சத்தெல்லாம் பிறகுதான்.

நிஜமாகவே இளகிப் போகிறவர்கள் வேறு. நீரிழிவுக்காரர்கள் மெட்ஃபார்மினைக் கவனியுங்கள்; அது சிலருக்கு வயிற்றை இளக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். காப்பி, பால் தேநீர், சர்க்கரையில்லா மிட்டாய், காரம், இவற்றில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். இசப்கோல் ஒரு தேக்கரண்டி, ஒரு குவளைத் தண்ணீரில் கலந்து உடனே குடித்தால் மலம் கெட்டிப்படும்.

பெண்களுக்குப் பிரசவத்தில் ஆசனவாய்ச் சுருக்குத் தசை கிழிந்திருந்தால், விளைவு பல வருடம் கழித்துக்கூடத் தெரியலாம். பயிற்சி இது: காற்றை அடக்குவதுபோல் ஆசனவாயை உள்ளே இழுத்து, 5 விநாடி பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. தொடையும் பிட்டமும் இறுகினால், மூச்சை அடக்கினால், தவறாகச் செய்கிறீர்கள். பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும். பலரும் இரண்டாவது வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

காலைச் சாப்பாடு முடிந்த அரை மணிக்குள் கழிப்பறையில் உட்காருங்கள், குடல் தானாக அசையும் நேரம் அது. பாதத்துக்கு அடியில் சின்ன முக்காலி இருக்கட்டும். கழுவிய பிறகு தேய்க்காமல் ஒற்றியெடுத்து, துத்தநாகக் களிம்பு மெல்லிதாகத் தடவுங்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் தசையைத் தைப்பது, இடுப்பு நரம்பைத் தூண்டும் கருவி பொருத்துவது என்று வழிகள் இருக்கின்றன. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சொன்னால் பெருங்குடல் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவார்கள். போகும்போது சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் பையோடு எடுத்துப்போங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். கால் பலவீனமும் தொடையிடுக்கில் மரத்துப்போவதும் சேர்ந்து திடீரென்று வந்தால், உடனே சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண் 995-ஐ அழையுங்கள்.