சூப்பைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மதியம் பன்னிரண்டரை மணிக்குச் சாப்பாட்டைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கேட்டுப் பசி கூடினால் நான் பொறுப்பல்ல.

ஜப்பானின் கியூஷூ தீவில் ஃபுகுவோகா என்றொரு நகரம். அதன் பழைய வணிகப் பகுதியான ஹகாட்டாவின் பெயரில்தான் அந்த ஊர் ராமென், அதாவது சூப்பில் போட்ட நூடுல்ஸ், உலகம் சுற்றுகிறது. வேலை விஷயமாகப் போயிருந்த நான், ஓர் இரவு அங்கே ஒரு கடை வாசலில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருபது பேர். ஒரு மணி நேரமாவது ஆகும் என்று நினைத்தேன். அரை மணிக்குள் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

உட்காருவதற்கு முன்பே காசு கொடுத்தாகிவிட்டது. வாசலில் ஓர் இயந்திரம். காசைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் சீட்டு வரும். ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியாதவர்கள் மேல் வரிசையில் இடது ஓரப் பொத்தானை அமுக்கலாம். பெரும்பாலும் கடையின் முக்கியமான ராமென் அதுவாகத்தான் இருக்கும். நானும் அதைத்தான் செய்தேன்.

சீட்டை வாங்கியவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நூடுல்ஸ் எவ்வளவு வேக வேண்டும் என்பதுதான் கேள்வி. குழைவாக வேண்டுமென்றால் 'யாவா', விறைப்பாக வேண்டுமென்றால் 'காத்தா', அதற்கும் மேலே 'பாரிகாத்தா'. இன்னும் ஒரு படி போனால் 'ஹாரிகானே', அதாவது கம்பி! நான் விழித்ததைப் பார்த்து அவரே 'காத்தா' என்று முடிவு செய்துகொண்டார்.

கிண்ணம் வந்தது. பால் போல வெளுத்த சூப். பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால், எலும்பின் பசையும் கொழுப்பும் தண்ணீரோடு கலந்து இந்த நிறம் வரும். இதற்கு டொன்கொட்சு என்று பெயர். 1947இல், பக்கத்து ஊரான குருமேயில் ஒரு கடைக்காரர் அடுப்பைக் கவனிக்காமல் விட்டதால் பிறந்த சூப் இது என்று சொல்வார்கள். சைவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே 'இறைச்சி வேண்டாம்' என்று சொல்லிப் பயனில்லை, சூப்பே எலும்புதான். டோக்கியோ ரயில் நிலையத்துக்குள் 'டீஸ் டான்டான்' என்று முழுச் சைவ ராமென் கடை இருக்கிறது, அங்கே போங்கள்.

நூடுல்ஸ் மாவில் கான்சுய் என்ற காரநீர் சேர்ப்பார்கள். நாம் அப்பள மாவில் அப்பளக்காரம் சேர்க்கிறோமே, அந்த வகைதான். அந்த மஞ்சள் சாயலும் பல்லில் படும்போது வரும் துள்ளலும் அதனால் வருபவை. உறிஞ்சும் சத்தத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. வீட்டில் பாயசத்தை இப்படி உறிஞ்சியதற்குப் பாட்டியிடம் நான் வாங்கிய குட்டு நினைவுக்கு வந்தது.

ஹகாட்டா நூடுல்ஸ் மிகவும் மெல்லியது. நாகஹாமா மீன் சந்தைத் தொழிலாளர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை, அதனால் சீக்கிரம் வேக மெல்லியதாகச் செய்தார்கள். ஆனால் மெல்லியது சீக்கிரம் ஊறியும் போகும். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்: முதலில் அளவாகப் போடு, தீர்ந்ததும் அதே சூப்பில் இன்னொரு உருண்டை போடு. அதுதான் 'காயேதாமா'.

இந்த விவரமெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று ருசியில் மயங்கி, கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டேன். அப்புறம் பக்கத்திலிருந்த பெரியவர் சொன்னதைக் கேட்டு, நானும் "காயேதாமா!" என்றேன். கரண்டி வலையில் ஆவி பறக்க நூடுல்ஸ் கொண்டுவந்தவர், காலிக் கிண்ணத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பெரியவர்தான் காப்பாற்றினார். மேசையில் இருந்த சின்னக் கெண்டியைக் காட்டினார். உள்ளே உப்புக் கரிக்கும் சோயாச் சாறு. நூடுல்ஸைப் போட்டு, அதைக் கொஞ்சம் ஊற்றி, எள்ளையும் சிவந்த இஞ்சி ஊறுகாயையும் தூவிக் கிளறித் தின்றேன். ருசி என்று பொய் சொல்ல மாட்டேன்.

எனக்குப் பிறகு வந்த பெரியவர் அதற்குள் இரண்டு காயேதாமா முடித்திருந்தார். கிண்ணத்தை எதிரே இருந்த உயரமான பலகையில் வைத்தார், தன் இடத்தைத் துணியால் துடைத்தார், உள்ளே பார்த்து "கொச்சிசோசமா", அதாவது சாப்பாட்டுக்கு நன்றி, என்றார், போய்விட்டார். அந்த நாற்காலியின் சூடு ஆறும் முன்பே அடுத்தவர் உட்கார்ந்தார். நானும் அவசரமாகத் துணியைத் தேடினேன்.