கண்ணிமையால் பேசிய மாரிஸ் ஸ்டோக்ஸ்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

1958-ஆம் ஆண்டு மார்ச் 12. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் லேக்கர்ஸ் அணிக்கும் சின்சினாட்டி ராயல்ஸ் அணிக்கும் கூடைப்பந்து ஆட்டம் நடக்கிறது. என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீக்கின் வழக்கமான சுற்றில் ராயல்ஸுக்கு அதுதான் கடைசி ஆட்டம். பந்தோடு வளையத்தை நோக்கிப் பாய்ந்த ராயல்ஸ் வீரர் ஒருவர் மோதி, நிலைகுலைந்து, கீழே விழுந்தார். ஆறடி ஏழு அங்குல உயரம், நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு. தலை தரையில் இடித்து நினைவு தப்பிவிட்டது. மூக்கருகே நெடியேறும் உப்பைக் காட்டித் தெளியவைத்தார்கள். எழுந்தார். திரும்பவும் ஆட இறங்கினார்.

அவர் பெயர் மாரிஸ் ஸ்டோக்ஸ். வயது 24.

பல ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவன் நான். சிமெண்ட் தரையில் விழுந்து தலையில் அடிபட்ட ஒரு பையனின் முகத்தில் தண்ணீர் தெளித்து, "ஒன்றுமில்லை, போய் ஆடு" என்று முதுகில் தட்டி அனுப்பியிருக்கிறேன். நல்லவேளையாக அவனுக்கு எதுவும் ஆகவில்லை. ஸ்டோக்ஸின் கதையைப் படித்த நாளிலிருந்து, அந்தத் தட்டலை நினைக்கும்போதெல்லாம் என் கை கூசுகிறது.

பிட்ஸ்பர்க் அருகே ராங்கின் என்ற ஊரில் பிறந்தவர் ஸ்டோக்ஸ். அப்பாவுக்கு எஃகு ஆலையில் வேலை. லொரெட்டோ என்ற சிற்றூரில் உள்ள செயின்ட் பிரான்சிஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1955-இல் நியூயார்க்கில் நடந்த கல்லூரிகளுக்கான அழைப்புப் போட்டியில் அவருடைய அணி நான்காம் இடம்தான் பிடித்தது. ஆனாலும் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே வந்தது. அதே ஆண்டு ராயல்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. அப்போது அந்த அணி ராச்செஸ்டர் நகரில் இருந்தது.

வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பதை ரீபவுண்ட் என்கிறோம். பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று முன்கூட்டியே கணித்து, முதுகால் எதிரியைத் தள்ளி நிறுத்தி, சரியான கணத்தில் எழும்ப வேண்டும். ஸ்டோக்ஸ் தம் இரண்டாம் ஆண்டில் 1,256 ரீபவுண்டுகள் பிடித்தார். அதுவரை ஒரே பருவத்தில் அவ்வளவு பிடித்தவர் லீக்கில் எவரும் இல்லை. பிடித்த பந்தை உடனே குள்ளமான ஆட்டக்காரரிடம் கொடுத்துவிடுவதுதான் அந்தக் காலத்து உயரமானவர்களின் வழக்கம். ஸ்டோக்ஸோ தாமே தட்டிக்கொண்டு மறுமுனைவரை ஓடுவார். ஓடும்போதே யாருக்குப் பந்து போக வேண்டும் என்பதையும் பார்த்துவிடுவார். பின்னாளில் மேஜிக் ஜான்சனின் ஆட்டத்தைக் கண்டு உலகம் வியந்ததே, அதன் சாயல் இருபது ஆண்டுகளுக்கு முன்பே இவரிடம் இருந்தது.

மினியாபொலிஸில் விழுந்த மூன்றாம் நாள், டெட்ராய்ட்டில் பிளேஆஃப் ஆட்டம், அதாவது வழக்கமான சுற்று முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் ஆட்டம். அதிலும் ஆடி, 12 புள்ளிகளும் 15 ரீபவுண்டுகளும் எடுத்தார். ஊர் திரும்பும் விமானத்தில் வலிப்பு வந்தது. பிறகு ஆழ்ந்த மயக்கம். நினைவு திரும்பியபோது கை கால் அசையவில்லை, வாய் பேசவில்லை. அறிவு மட்டும் முன்பு இருந்தபடியே இருந்தது.

மருத்துவமனைச் செலவு மலைபோல் குவிந்தது. வங்கியில் ஸ்டோக்ஸின் பணம் இருந்தது. கையெழுத்துப் போட அவரால் முடியாது. லீக்கிலும் இப்படி விழுந்தவரைத் தாங்கும் ஏற்பாடு எதுவும் அப்போது கிடையாது. ஓய்வூதியத்துக்கே 1964-இல் பாஸ்டனில் லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் நட்சத்திர ஆட்டத்துக்கு வீரர்கள் இறங்க மறுத்த பிறகுதான் ஒப்புதல் கிடைத்தது.

அந்த நிலையில் முன்வந்தவர் ஜாக் டுவைமன். அதே அணிக்காரர், 23 வயது இளைஞர். ஸ்டோக்ஸ் கறுப்பர், டுவைமன் வெள்ளையர். அந்த 1958-இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் இருவரும் ஒரே உணவகத்தில் சேர்ந்து உட்காரக்கூட முடியாது. டுவைமன் நீதிமன்றத்துக்குப் போய் ஸ்டோக்ஸின் சட்டப்படியான காப்பாளர் ஆனார். ஆட்டத்தில் பட்ட அடியும் வேலையில் பட்ட அடிதான் என்று வாதாடி, தொழிலாளர் இழப்பீடு வாங்கித் தந்தார்.

இருவரும் பேசிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். டுவைமன் ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். தமக்கு வேண்டிய எழுத்து வந்ததும் ஸ்டோக்ஸ் இமையை மூடித் திறப்பார். அதைக் குறித்துக்கொண்டு மறுபடியும் 'ஏ'யிலிருந்து தொடங்க வேண்டும். 'வாட்டர்' என்று தண்ணீர் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தே வரிசையில் 23-ஆவது. அந்த ஐந்தெழுத்துச் சொல் முடிவதற்குள் ஒருவர் 67 எழுத்துகளைச் சொல்லியாக வேண்டும், மற்றவர் ஐந்து முறை இமைக்க வேண்டும். ஒரு தலையணையை நகர்த்தச் சொல்வதற்கும் இதே வழிதான். இதற்கு நடுவே 1959-60 பருவத்தில் டுவைமன் ஆட்டத்துக்குச் சராசரியாக 31.2 புள்ளிகள் எடுத்தார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

பணம் திரட்ட நியூயார்க் மாநிலத்தில் குட்ஷர்ஸ் என்ற மலைவாச விடுதியில் கோடைதோறும் காட்சி ஆட்டம் நடத்தினார் டுவைமன். வில்ட் சேம்பர்லைன் போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் வந்து ஆடினார்கள். இடைவிடாத பயிற்சியால் ஸ்டோக்ஸுக்கு ஓரளவு பேச்சும் அசைவும் திரும்பின. 1970 ஏப்ரல் 6 அன்று மாரடைப்பால் இறந்தார். வயது 36. அவர் விரும்பியபடியே, படித்த கல்லூரி இருக்கும் லொரெட்டோவில் அடக்கம் செய்தார்கள்.

கூடைப்பந்தின் புகழ்மண்டபத்தில் டுவைமனுக்கு 1983-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஸ்டோக்ஸுக்கு 2004-இல்தான் கிடைத்தது. நண்பரின் பெயரை அழைத்தபோது மேடையேறி அந்த மரியாதையைப் பெற்றுக்கொண்டவர் டுவைமன்தான். அப்போது அவருக்கு எழுபது வயது.

வணக்கம்.